‘ரத்த போதை’ பிறந்த கதை

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையின் ஓரத்தில் மூங்கில் பந்தல்கள் இருக்கும். பெத்தாய், காட்டுத்தேன், டுரியான் என்று அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதை வைத்துக்கொண்டு செமாய் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். ஈப்போவிலிருந்து பிள்ளைகளோடு மலைக்குப் போகிறவர்கள் காரை நிறுத்தி இரண்டு கட்டு பெத்தாய் வாங்கிக்கொண்டு மேலே போய்விடுவார்கள். மனித இயல்பு என்ன என்று உலகப் பல்கலைக்கழகங்களில் நடந்த பெரிய வாதத்தில் அந்தப் பந்தலில் இருப்பவர்களின் தாத்தாக்கள் சாட்சிகளாக நிறுத்தப்பட்டவர்கள் என்பது வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் பெரும்பாலும் தெரியாது. அவர்களைக் கேட்காமலே எழுதப்பட்ட சாட்சியம் அது.

அந்தச் சாட்சியம் சுருக்கமாக இப்படிப் போகும். செமாய்கள் பூமியிலேயே மிகச் சாதுவான மக்கள். அடிதடி தெரியாதவர்கள். 1950-களில் ஆங்கிலேயர் அவர்களில் சில ஆண்களைப் படையில் சேர்த்துத் துப்பாக்கி கொடுத்தார்கள். ரத்தத்தைக் கண்டதும் அவர்களுக்குப் போதை தலைக்கேறியது. கொன்றார்கள், கொன்றார்கள், நிறுத்தவே முடியவில்லை. ஊர் திரும்பியதும் பழையபடி சாதுவாகிவிட்டார்கள். ஆகவே எவ்வளவு சாதுவான மனிதனுக்குள்ளும் கொலைவெறி உறங்குகிறது. பரிணாமம் நமக்குள் வைத்துவிட்டுப் போனது அது.

கேட்டவுடன் மனதில் நிற்கிற கதை. அதனால்தான் அது பிறந்த இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

செமாய்கள் தெற்குப் பேராக்கிலும் அதை ஒட்டிய பகாங் மலைகளிலும் வாழ்பவர்கள். தீபகற்பத்தின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களில் பெரிய பிரிவுகளுள் ஒன்று. மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்து மரவள்ளியும் மலைநெல்லும் பயிரிட்டார்கள். சும்பித்தான் என்ற ஊதுகுழலால் வேட்டையாடினார்கள். பிள்ளைகளை அடிப்பதில்லை. மனிதர்களுக்குள் தகராறு வந்தால் அதற்கென்று ஒரு கூட்டம். சம்பந்தப்பட்டவர், சொந்தக்காரர், பெரியவர் எல்லாரும் உட்கார்ந்து பேசுவார்கள். ஒரு நாளில் முடியாவிட்டால் அடுத்த நாள், அதற்கும் அடுத்த நாள். பேசிப் பேசி, இனிச் சொல்ல ஒன்றுமில்லை என்று ஆகும்வரை பேச்சு ஓயாது. கோபத்தைக் கையால் தீர்ப்பது அவர்களுக்கு வெட்கக்கேடு மட்டுமல்ல, பயங்கரம்.

இந்தச் சாந்தம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டில் பேராக்கில் அடிமைப் பிடிப்பு இருந்தது. ஆள்பிடிக்கிறவர்கள் மலையேறி வந்து, பெரியவர்களைக் கொன்றுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எதிர்த்து நின்றவர்கள் செத்தார்கள். காட்டுக்குள் ஓடி ஒளிந்தவர்கள் பிழைத்தார்கள். செமாய்களோடு நெடுங்காலம் பழகிய அமெரிக்க மானிடவியலாளர் ராபர்ட் நாக்ஸ் டெண்டன், அவர்களின் சாந்தத்துக்கும் இந்தப் பேரச்சத்துக்கும் உள்ள உறவைப் பற்றி 2008-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

அடிமைப் பிடிப்பு ஓய்ந்து அடுத்த இரண்டு தலைமுறைக்குள் இன்னொரு பேரச்சம் வந்தது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில், எல்பில் தோட்டத்திலும் அதன் அக்கம்பக்கத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. பால்மரத் தோட்டங்களில் இருந்த நம் மக்களின் லயங்களைச் சுற்றி முள்கம்பி ஏறியது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போட்டதாகச் சந்தேகம் வந்தால் ஒரு குடும்பம் சீரழிந்தது. மலைமேல் நடந்தது இதைவிடக் கொடுமை. ஓராங் அஸ்லி மக்களைக் காட்டிலிருந்து பிடுங்கித் தாழ்நிலத்து முகாம்களில் அடைத்தார்கள். வெயிலும் புது நோய்களும் பழக்கமில்லாத சோறும் தாங்காமல் ஏராளமானவர்கள் இறந்தார்கள். தப்பு என்று அரசாங்கத்துக்குப் புரிந்த பிறகு வழி மாறியது. காட்டுக்குள்ளேயே கோட்டைகள் கட்டி, மக்களைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார்கள். செமாய்களையும், அவர்களைப் போலவே ஓராங் அஸ்லி பிரிவினரான தெமியார் ஆண்களையும் சேர்த்து ‘செனோய் பிராக்’ என்ற படைப்பிரிவும் அந்த 1950-களில்தான் உருவானது.

டெண்டன் 1960-களின் தொடக்கத்தில் செமாய்களோடு தங்கினார். 1968-இல் ‘தி செமாய்: எ நான்வயலண்ட் பீப்பிள் ஆஃப் மலாயா’ வெளிவந்தது. சிறிய புத்தகம். செமாய்களின் சாந்தத்தை விரிவாக எழுதிய அதே புத்தகத்தில், படைக்குப் போய்வந்தவர்கள் சொல்வதாக அரைப்பக்கம் போல ஒரு பகுதி இருந்தது. சொந்தக்காரர்களைக் கம்யூனிஸ்டுகள் கொன்ற ஆத்திரத்தில் இருந்தவர்கள், சண்டையில் ரத்தத்தால் போதை ஏறியது போல ஆனோம் என்று சொன்னதாக அது போகும். புத்தகத்தின் மற்ற நூற்றுச் சொச்சம் பக்கங்களும் ஒரு மக்களின் அன்றாடத்தைச் சொல்கின்றன. உலகம் எடுத்துக்கொண்டது அந்த அரைப்பக்கத்தை.

பத்து ஆண்டு கழித்து ஹார்வர்டைச் சேர்ந்த எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன் ‘ஆன் ஹியூமன் நேச்சர்’ எழுதினார். 1975-இல் ‘சோஷியோபயாலஜி’ என்ற பெரும் நூலால் விலங்குகளின் சமூக நடத்தைக்குப் பரிணாம விளக்கம் கொடுத்தவர் அவர். இப்போது மனிதனிடம் வந்தார். வன்முறையைப் பற்றிய அத்தியாயத்தில் டெண்டனின் அரைப்பக்கம் இடம்பெற்றது. வில்சனுக்கு நியாயம் செய்ய வேண்டும்: செமாய்கள் கொலைகாரர்கள் என்று அவர் எழுதவில்லை. மனிதனின் வன்முறை சூழலைப் பொறுத்து மாறும், ஆனால் அதற்கான திறன் எல்லாரிடமும் இருக்கிறது என்பதே அவர் வாதம். நூலுக்கு 1979-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற நூலில் வந்த உதாரணத்தை மற்றவர்கள் எடுத்துக் கையாண்டார்கள். கைமாறக் கைமாற நிபந்தனைகள் உதிர்ந்தன. கடைசியில், துப்பாக்கி கொடுத்தால் சாதுவும் ரத்தம் குடிப்பான் என்பது மட்டும் பாடப்புத்தகங்களில் தங்கியது.

இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நெருங்கிய சம்பந்தம் உண்டு. வில்சனின் நூல்கள் போட்ட பாதையில்தான் பரிணாம இலக்கிய விமர்சனம் நடந்து வந்தது. 1995-இல் ஜோசப் கேரல் ‘எவல்யூஷன் அண்ட் லிட்டரரி தியரி’ எழுதினார். 2005-இல் ஜோனதன் காட்ஷாலும் டேவிட் ஸ்லோன் வில்சனும் தொகுத்த ‘தி லிட்டரரி அனிமல்’ வந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர்களில் எட்வர்ட் வில்சனும் ஒருவர். 2009-இல் பிரையன் பாய்டின் ‘ஆன் தி ஆரிஜின் ஆஃப் ஸ்டோரீஸ்’. இவர்கள் சொல்வது: கதாபாத்திரங்கள் ஆசைப்படுவதும் பொறாமைப்படுவதும் பிள்ளைக்காகப் பொய் சொல்வதும் எழுத்தாளனின் கற்பனை மட்டுமில்லை, அந்தக் காலத்துச் சமூகத்தின் விளைவு மட்டுமில்லை, இயற்கைத் தேர்வு நம் மனங்களை வடித்த விதமும் அதில் இருக்கிறது.

இந்த வாசிப்பில் உண்மை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். கைகேயியை எடுத்துக்கொள்ளுங்கள். ராமன் மேல் அவளுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. மந்தரை வந்து, உன் வயிற்றுப் பிள்ளை என்ன ஆவான் என்று கேட்ட பிறகுதான் எல்லாம் திரும்புகிறது. ரத்த உறவு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுக்கு விட்டுக்கொடுப்பது கூடும் என்று 1964-இல் வில்லியம் ஹாமில்டன் கணக்காக எழுதியதை நம் கதைசொல்லிகள் அந்தப்புரத்தில் வைத்துக் காட்டிவிட்டார்கள்.

நம் ஊருக்கே வரலாம். பத்து காஜாவில் பிறந்து ஈப்போவில் வளர்ந்த பிரீத்தா சமரசன் 2008-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ஈவ்னிங் இஸ் தி ஹோல் டே’ ஈப்போவின் வசதியான தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. தலைப்பு குறுந்தொகையிலிருந்து வந்தது. வழக்கறிஞரான அப்பாவுக்கு வெளியே இன்னொரு குடும்பம். பாட்டி செத்ததற்குப் பழி, செல்லம் என்ற ஏழை வேலைக்காரப் பெண்ணின் தலையில் விழுகிறது. அப்பாவின் இரட்டை வாழ்க்கையையும், சொந்த ரத்தத்தைக் காப்பாற்ற வெளியாளைப் பலி கொடுக்கும் வீட்டையும் பரிணாம உயிரியல் ஓரளவு விளக்கிவிடும். ஆனால் செல்லம் ஏன் அவ்வளவு ஏழையாக இருந்தாள், அவள் சொல்லை ஏன் யாரும் கேட்கவில்லை என்பதற்குப் பேராக்கின் வரலாறு தெரிய வேண்டும். துரை, கிராணி, கங்காணி, பால் வெட்டுகிறவர் என்று நூறு வருடம் அடுக்கி வைத்த படிக்கட்டு தெரிய வேண்டும். நாவலின் வலி அந்தப் படிக்கட்டில்தான் இருக்கிறது.

செமாய்களின் விஷயத்தில் விட்டுப்போனதும் இதே வரலாறுதான். 1987-இல் ‘அமெரிக்கன் ஆந்த்ரோபாலஜிஸ்ட்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் இருவர்: செமாய்களிடையே நெடுநாள் ஆய்வு செய்த கிளேட்டன் ரோபார்செக், கூடவே ராபர்ட் டெண்டன். எந்த அரைப்பக்கத்திலிருந்து கதை கிளம்பியதோ அதை எழுதியவரே, அதை உடைக்கவும் வந்து நின்றார். ரத்தவெறி பிடித்த செமாய் என்பது மானிடவியலில் பிறந்த இன்னொரு கட்டுக்கதை என்று தலைப்பிலேயே சொன்னார்கள். செமாய்கள் கொன்று குவித்ததற்கு ஆதாரம் இல்லை. போதை என்று மொழிபெயர்க்கப்பட்டது உண்மையில் கொலையின் இன்பத்தைக் குறிக்கவில்லை; ரத்தத்தைப் பார்த்தவுடன் வரும் தலைசுற்றலையும் குமட்டலையும் குறித்தது. கொடூரம் என்று உலகம் படித்தது ஒரு மனிதனின் திகிலை.

பேராக் காடுகளில் இப்படிக் கிளம்பிய கதை இது ஒன்று மட்டுமில்லை. தைப்பிங்கில் உள்ள பேராக் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பேட் நூனோடு 1934-இல் தெமியார் மக்களிடம் போனார் கில்டன் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர். 1951-இல் அவர் எழுதிய கட்டுரையில், தெமியார்களை உள்ளடக்கிய செனோய் மக்கள் காலைப் பலகாரத்தின்போது குடும்பத்தோடு கனவுகளை அலசி மனதைச் சீராக வைத்துக்கொள்கிறார்கள், அதனால் அவர்களிடம் குற்றமும் மனநோயும் இல்லை என்றார். 1960-களிலும் 70-களிலும் அமெரிக்காவில் கனவுக் குழுக்கள் இதைப் பின்பற்றின. அப்படி ஒரு கனவு மருத்துவமுறை அந்த மக்களிடம் இருந்ததே இல்லை என்று வில்லியம் டோம்ஹாஃப் 1985-இல் நூலெழுதிக் காட்டினார். அதற்கும் முன்பு, பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த பிராங்க் ஸ்வெட்டன்ஹாம் 1895-இல் வெளியிட்ட ‘மலாய் ஸ்கெட்சஸ்’ நூலில், பேராக்கில் ஒருவர் அமோக் ஓடிய, அதாவது திடீரென வெறிகொண்டு கண்ணில் பட்டவர்களைத் தாக்கிய சம்பவத்துக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். அமோக் மலாய்க்காரர்களின் பிறவி இயல்பு என்ற எண்ணம் ஐரோப்பிய நாவல்கள் வரை போனது.

நம்மையும் விடவில்லை. தென்னிந்தியத் தமிழர் இயல்பிலேயே அடக்கமானவர், சொன்னதைச் செய்பவர், தோட்டத்துக்கு ஏற்றவர் என்று துரைமார்களும் அதிகாரிகளும் எழுதிவைத்தார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் அதே தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற அவமானம் ஒழிய வேண்டும் என்றார்கள். படை வந்தது, துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அடக்கம் அவர்கள் இயல்பாக இருந்ததில்லை. அடக்கியதுதான் நடந்தது. இதை அறிந்த நாம், செமாய்களைப் பற்றி அப்படி ஒரு கதை வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியவர்கள்.

பரிணாமம் பொய் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்ட வேண்டாம். ரோபார்செக்கும் அவர் மனைவி கேரலும் செமாய்களை விட்டு ஈக்குவடோர் நாட்டு வாவ்ரானி மக்களிடம் போனார்கள். அவர்களும் மழைக்காட்டில் காடெரித்துப் பயிரிடுகிறவர்கள், ஊதுகுழலால் வேட்டையாடுகிறவர்கள். ஆனால் முந்தைய தலைமுறைகளில் அவர்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் கொலையால் இறந்தவர்கள். அதே வாவ்ரானிகள் 1950-களின் இறுதிக்குப் பிறகு, மிகக் குறுகிய காலத்தில் பழிக்குப்பழியைப் பெரும்பாலும் கைவிட்டார்கள். மரபணுவுக்கு மாற நேரமே இல்லை. கொல்லவும் கொல்லாமல் இருக்கவும் மனிதனால் முடியும் என்பதைப் பரிணாமம் சொல்லும். ஒரு குறிப்பிட்ட மனிதன் ஒரு குறிப்பிட்ட மாலையில் எதைச் செய்தான், ஏன் செய்தான் என்பதை அவனிடமும் அவன் ஊராரிடமும்தான் கேட்டறிய வேண்டும். நல்ல நாவலாசிரியன் செய்வதும் இதைத்தான். அரைப்பக்கத்தை எடுத்துக்கொண்டவர்கள் செய்யாததும் இதைத்தான்.

பேராக்கில் எழுதுகிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்து மக்கள் டவுனுக்குக் கலைந்துவிட்டார்கள். அவசரகாலத்தில் முள்வேலிக்குள் வளர்ந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் கோப்பேங்கிலும் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; மலைக் கம்பங்களில் அதே வயதில் செமாய்ப் பெரியவர்களும் இருக்கிறார்கள். இந்த இரு சாராரின் நினைவுகளையும் சேர்த்துத் தமிழில் எழுத வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது. போய் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்வதை முழுதாக எழுதுங்கள், அரைப்பக்கமாக வெட்டாதீர்கள்.