சிறிய திரையில் பழைய ஆட்டம்

மேடைமேல் தாவி, பள்ளம் தாண்டி ஓடும் குள்ள மனிதனை நீங்கள் அறிவீர்கள். 1985-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்னும் ஆட்டத்தின் நாயகன் அவன். நிரலும் படங்களும் சேர்ந்து 40 கிலோபைட்டில் அடங்கிவிட்டன. இடத்தை மிச்சப்படுத்த, மேகத்தின் உருவத்தையே பச்சை நிறத்தில் புதராகவும் காட்டினார்கள்!

இவ்வளவு சிறிய ஆட்டத்தைக் கையடக்கக் கருவிக்கு மாற்றுவது எளிதுதானே என்று தோன்றலாம். கணக்கிட்டுப் பாருங்கள். பழைய கருவி உருவாக்கிய படத்தில் அகலவாக்கில் 256, உயரவாக்கில் 240 புள்ளிகள். 1999-இல் இவ்வாட்டம் 'கேம் பாய் கலர்' கருவிக்கு வந்தது. அதன் திரையிலோ 160-க்கு 144 புள்ளிகள்தாம். அதாவது எட்டில் மூன்று பங்கு. உருவங்களைச் சுருக்காததால் காட்சியின் ஒரு பகுதியே தெரிந்தது. எதிரி கண்ணில் பட்டபின் தாவுவதற்குக் கிடைத்த நேரமும் குறைந்தது. எனவே மேலும் கீழும் எட்டிப் பார்க்கும் வசதியைச் சேர்த்தார்கள்.

பின்னர் கைபேசிகள் வந்தன. செகா நிறுவனம் 1993-இல் வெளியிட்ட 'சோனிக் சிடி' ஆட்டத்தை ஆஸ்திரேலிய நிரலாளர் கிறிஸ்டியன் வைட்ஹெட் அகலத் திரைக்கேற்பப் புதிதாக அமைத்தார். 2011-இல் அது வெளிவந்தது. முன்னுள்ள பாதை கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அழுத்துவதற்குப் பொத்தான் இல்லை. கண்ணாடியில் தெரியும் பொத்தான் படத்தைத்தான் தொட வேண்டும்.

இதிலிருந்து என்ன புலனாகிறது? நிரலை நகலெடுப்பதால் மட்டும் பழைய ஆட்டம் உயிர்பெறுவதில்லை. கண் பள்ளத்தைக் காண்பதற்கும் விரல் அழுத்துவதற்கும் இடைப்பட்ட அந்தக் கணமே அதன் உயிர். அதைக் காப்பதே மறுபடைப்பாளரின் உண்மையான வேலை.