சங்க மாடியில் சி வகுப்பு

டெனிஸ் ரிட்சி பெல் ஆய்வுக்கூடத்தில் சி நிரல்மொழியை உருவாக்கியது 1972 வாக்கில். நம் சங்கத்துக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்ந்த நம் பிள்ளைகள் அந்தப் பாடத்தில் தடுமாறியபோது, பலதுறைத் தொழிற்கல்லூரி டிப்ளோமாவோடு கடை நடத்திக்கொண்டிருந்த நாங்கள் சிலர் ஞாயிறுதோறும் சங்க மாடியில் வகுப்பு தொடங்கினோம்.

முதல் தவணையில் தவறு எங்களுடையதே. நாங்கள் பழகிய டர்போ சி 1987இல் வந்தது. பிள்ளைகளின் கணினியில் இருந்ததோ ஜிசிசி. திரையைத் துடைக்க நாங்கள் எழுதிய கட்டளையே அதில் ஓடவில்லை! 'பாயிண்டர்' பாடம் வந்ததும் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். டிப்ளோமாக்காரர்களுக்கு எதற்கு இந்த வேலை என்ற பேச்சும் காதில் விழுந்தது.

அடுத்த தவணையில் கிடங்கிலிருந்து காலி அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து எண் ஒட்டினோம். பெட்டிக்குள் இருப்பது சரக்கு. பெட்டியின் எண்ணை எழுதி வைத்த சீட்டுதான் பாயிண்டர். 'ஸ்கேன்எஃப்' எழுதும்போது ஆம்பர்சண்ட் குறி எதற்கு என்பார்கள். எந்தப் பெட்டி என்று எண்ணைச் சொல்லாமல் சரக்கைக் கொடுத்தனுப்பினால், கடைப் பையன் அதை எங்கே கொண்டுபோய் வைப்பான்?

முதல் தவணையில் நின்றுபோய்த் திரும்பி வந்திருந்த மாணவி ஒருவர் கேட்டார்: "நானா, இதை அப்பவே சொல்லியிருக்கலாமே?"