கடன் சுமந்த கழகம்

கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தில் மாலைதோறும் பந்துதைக்கும் இளைஞருள் மன்செஸ்டர் யுனைட்டட் என்னும் பெயரை அறியாதார் அரியர். ஆயினும் நேயர்களே, அக்கழகத்தின் கணக்கேட்டை அறிந்தார் எத்துணைப் பேர்?

1878 இல் நியூட்டன் ஹீத் புகையிரதத் தொழிலாளர் தொடங்கிய கழகம் அது. 1902 இல் கடனால் முறியும் நிலையுற்றபோது, மதுவடிசாலை முதலாளி ஜோன் ஹென்றி டேவிஸ் தம் பணத்தை இட்டுக் காத்தார். இன்றைய பெயரும் அவ்வாண்டில் வந்ததே.

2005 இல் அமெரிக்கரான கிளேசர் குடும்பத்தார் வந்த விதமோ நேர்மாறு. ஏறத்தாழ 79 கோடி பவுண் கொடுத்து வாங்கினர். அதிற் பாதிக்கு மேற்பட்டது கடன். அக்கடனின் பெரும்பகுதியைத் தாம் வாங்கிய கழகத்தின் தலையிலேயே ஏற்றினர். தோணி வாங்கக் கடன்பட்டவன், மீன் விற்ற காசிலேயே வட்டியையும் கட்டுவிப்பதை ஒக்கும் இது. வலை பழுதுபார்க்க எஞ்சுவது யாது?

2010 இல் ஆதரவாளர் பலர் செந்நிறத்தை விடுத்து, பழைய தொழிலாளர் கழகத்தின் பச்சையும் பொன்னிறமும் அணிந்து அரங்கிற் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். பயன் விளையவில்லை. 2012 இல் கழகப் பங்குகள் நியூயோர்க் சந்தைக்குச் சென்றபோது, அவற்றுக்குரிய கம்பனி, வருமானவரி அறவிடாத கேமன் தீவுகளிற் பதிவு செய்யப்பட்டிருந்தது. 2024 இல் ஜிம் ரட்கிளிஃபுக்கு ஏறத்தாழக் காற்பங்கை விற்றபோதும், அக்குடும்பம் பெரும்பான்மை வாக்குரிமையைக் கைவிடவில்லை.