நள்ளிரவுச் சோதனையிலிருந்து கடன் செயலி வரை: இந்தியாவில் அந்தரங்க உரிமையின் தேய்வு

இந்திய அரசியல் சாசனத்தில் அந்தரங்க உரிமை என்ற சொல் எங்கும் இல்லை. கடிதப் போக்குவரத்தின் இரகசியத்தைக் காக்கும் ஒரு விதியைச் சேர்ப்பது பற்றி 1947இல் அரசியல் நிர்ணய சபையின் துணைக்குழு பேசியது. சாசன ஆலோசகர் பி.என். ராவும் சென்னையைச் சேர்ந்த சட்ட அறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் அதை ஏற்கவில்லை. குற்ற விசாரணைக்கு அது தடையாகும் என்பது அவர்கள் கருத்து. விதி கைவிடப்பட்டது. ஆங்கிலேயர் இயற்றிய 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமோ அப்படியே தொடர்ந்தது. பொது நெருக்கடியிலும் பொதுப் பாதுகாப்பின் பொருட்டும் செய்திகளை இடைமறிக்க அதன் 5ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. ஆக, கண்காணிக்கும் அதிகாரம் எழுத்தில் இருந்தது. அதிலிருந்து காக்கும் உரிமை எழுத்தில் இல்லை. பிற்கால வரலாறு முழுவதற்கும் இந்த ஏற்றத்தாழ்வே அடிப்படை.

1954இல் எம்.பி. சர்மா வழக்கில், நிறுவன ஆவணங்களைச் சோதனையிட்டுக் கைப்பற்றியது செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. அந்தரங்க உரிமையைச் சாசனத்துக்குள் வலிந்து புகுத்த முடியாது என்று எட்டு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு கூறிவிட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து வந்த கரக் சிங் வழக்கைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த அவர் 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிபட்டு, சாட்சியம் இல்லாததால் விடுவிக்கப்பட்டவர். ஆனாலும் காவல்துறை அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்தது. இரவில் சௌகிதாரும் காவலர்களும் வந்து கதவைத் தட்டுவார்கள், கூச்சலிட்டு எழுப்புவார்கள், வீட்டுக்குள்ளும் நுழைவார்கள். ஊரை விட்டுக் கிளம்பினால் எங்கே போகிறார் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

1962 டிசம்பரில் வந்த தீர்ப்பு, இரவில் வீடு புகுவதை மட்டும் சட்டவிரோதம் என்றது. வீட்டுக்கு வெளியே மறைந்திருந்து பார்ப்பதும் ஒருவர் வந்துபோவதைக் குறித்துவைப்பதும் எந்த உரிமையையும் மீறவில்லை என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு. உடலைத் தொடாத கண்காணிப்பில் அவர்களுக்குத் தீங்கு தெரியவில்லை. நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டார். தன்னை எவரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்ற உணர்வே மனத்தைக் கட்டிப்போடும். அப்படிக் கட்டுண்டவன் சுதந்திரமானவன் அல்லன் என்ற பொருள்பட எழுதினார். கணினி யுகத்தின் கண்காணிப்பு எதுவும் கதவைத் தட்டுவதில்லை. சிறுபான்மையாக ஒதுக்கப்பட்ட அந்தக் கருத்துதான் காலத்தை முன்கூட்டிக் கண்டது.

1975இல் கோவிந்த் வழக்கில் அந்தரங்க உரிமைக்கு நீதிபதி மேத்யூ தயக்கத்தோடு திறந்த கதவு, 1994இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் அகலத் திறந்தது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிட முனைந்தது. அவரோடு தொடர்புடையவர்களாக உயரதிகாரிகள் சிலரின் பெயர்கள் அதில் வரவிருந்தன. சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் இரண்டு செய்திகளைச் சொன்னது. தன்னைத் தன்பாட்டில் விட்டுவிடக் கோரும் உரிமை, சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும். ஆனால், பொது ஆவணங்களில் உள்ள செய்திகளுக்கும் அரசு ஊழியர் தம் கடமையில் செய்த செயல்களுக்கும் அந்த உரிமையைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. எளியவருக்குக் காப்பு, அதிகாரத்துக்குத் திறந்த வெளிச்சம் என்ற இந்தப் பகுப்பு அத்தீர்ப்பின் பெரும் கொடை.

தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றி மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியூசிஎல்) தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலர் ஆணையிட வேண்டும் என்று அது விதித்தது. ஆணை இரண்டு மாதம் செல்லும். எப்படி நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. செயலர்கள் குழு ஒன்று மறுஆய்வு செய்ய வேண்டும். இதில் நீதிபதிக்கு இடமே இல்லை. ஆணையிடுபவரும் சரிபார்ப்பவரும் அரசின் செயலர்களே. 2008இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு இன்னும் தளர்வானது. தந்திச் சட்டம் கேட்ட பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்ற முன்நிபந்தனைகளைக்கூட அது கேட்கவில்லை. 2018 டிசம்பரில் பத்து மத்திய அமைப்புகளுக்குக் கணினித் தகவல்களை இடைமறிக்கும் அதிகாரம் அறிவிக்கப்பட்டது.

இதற்கிடையே ஆதார் வந்துவிட்டது. அதற்கான ஆணையம் 2009இல் அமைந்தது. முதல் எண்கள் 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்ப்லி கிராமத்தில் வழங்கப்பட்டன. பத்து விரல் ரேகை, இரண்டு கருவிழி, முகப்படம் ஆகியவற்றை மக்களிடமிருந்து திரட்டத் தொடங்கியபோது அதற்கெனத் தனிச் சட்டமே இருக்கவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல் வழக்குத் தொடுத்தார். அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று 2015இல் அரசுத் தரப்பு 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டி வாதிட்டது. ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, அது அடிப்படை உரிமைதான் என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பெருமைக்குரிய தீர்ப்பு, ஐயமில்லை. ஆனால், அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2016 ஏப்ரலில், ஆதார் எண் பெற்றோர் 100 கோடியைக் கடந்திருந்தார்கள். உரிமை உறுதியான நாளில், எதைக் காக்க வேண்டுமோ அதில் பெரும்பகுதி ஏற்கெனவே கைமாறியிருந்தது.

2018 செப்டம்பரில் வந்த ஆதார் தீர்ப்பு, வங்கிக் கணக்குக்கும் கைப்பேசி எண்ணுக்கும் ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்றது; மானியங்களுக்கு அனுமதித்தது. விரல் ரேகை தேய்ந்த முதியவரும் கட்டடத் தொழிலாளியும் ரேஷன் கடை இயந்திரத்தின் முன் மீண்டும் மீண்டும் விரலை வைத்துப் பார்க்கும் நிலை அதனால் மாறவில்லை.

அரசுக்கு அடுத்தபடியாக, நிறுவனங்கள் ஒப்புதல் என்ற பெயரில் உள்ளே வந்தன. அதன் கோர முகம் கடன் செயலிகளில் தெரிந்தது. சில ஆயிரம் ரூபாய் அவசரத் தேவைக்காக ஒருவர் செயலியைத் தரவிறக்குகிறார். தொடர்பு எண்கள், புகைப்படங்கள், இருப்பிடம் என ஒவ்வொன்றுக்கும் ‘அனுமதி’ என்ற பொத்தானைத் தொட்டால்தான் அடுத்த திரை வரும். தவணை தவறியதும் அந்த எண்களுக்கெல்லாம், அதாவது மாமனாருக்கும் மேலாளருக்கும் பக்கத்து வீட்டாருக்கும், மிரட்டல் செய்திகளும் திரிக்கப்பட்ட படங்களும் போகின்றன. தற்கொலைகள் வரை போன பிறகே, 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தொடர்புப் பட்டியலையும் படக் கோப்புகளையும் செயலிகள் தொடக் கூடாது என்று விதித்தது. பசித்தவர் கொடுக்கும் ஒப்புதலை ஒப்புதல் என்று கொள்வது சட்டத்தின் கற்பனையே.

தரவுப் பாதுகாப்புக்கான சட்டத்துக்கு நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் வரைவு தந்தது. 2019இல் வந்த மசோதா 2022இல் திரும்பப் பெறப்பட்டது. 2023 ஆகஸ்டில்தான் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அதே சட்டத்தின் 17(2) பிரிவு, மத்திய அரசு அறிவிக்கும் எந்த அரசு அமைப்புக்கும் விலக்களிக்கிறது. 44(3) பிரிவோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையே திருத்துகிறது. முன்பு, பொதுப்பணியோடு தொடர்பில்லாத தனிநபர் தகவலைத்தான் மறுக்க முடியும். இப்போது தனிநபர் தகவல் என்ற ஒரே காரணம் போதும். பொதுநலன் மேலோங்கினால் வெளியிடலாம் என்ற பொது விதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. நக்கீரன் வழக்கு அதிகாரிகளுக்கு மறுத்த கேடயத்தை இந்தத் திருத்தம் அவர்கள் கையில் கொடுத்துவிட்டது.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், குற்றம் நடப்பதை அறிவதற்காக இரகசியமாக ஒட்டுக்கேட்பது பொது நெருக்கடியிலோ பொதுப் பாதுகாப்பிலோ அடங்காது என்று கூறி, மத்திய அரசின் 2011ஆம் ஆண்டு ஆணை ஒன்றை இரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பரில் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. தகவல் அறியும் உரிமையைச் சுருக்கும் திருத்தம் உடனே நடைமுறைக்கு வந்தது.