கடைசி வாங்குப் பிள்ளையும் செயற்கை அறிவும்

பண்டாரவளையிலிருந்து பதுளை நோக்கி இறங்கும் மலைச்சரிவுகளிலே தேயிலை தழைத்த காலம் முதல், தோட்டப் பிள்ளையை அளந்த இடங்கள் இரண்டு. ஒன்று பிரட்டுக்களம், மற்றொன்று பள்ளிக்கூடம். முந்தியது முழுப்பேர், அரைப்பேர் என்று கைவலிமையை எண்ணியது. பிந்தியதோ நெடுங்காலம் பேருக்கே இருந்தது எனலாம். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கிடைக்கச் செய்வதைத் தோட்டத் துரைமாரின் கடமையாக்கிற்று. ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்பு: பல தோட்டங்களில் அக்கடமை இவ்வளவில் நின்றது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் ஒதுங்கியே கிடந்தன. அரசு அவற்றைப் பெருமளவில் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலேதான்.

இத்தகைய பள்ளியிலே, மனக்கணக்கை நொடியில் சொல்லும் பிள்ளை எழுத்தைக் கண்டதும் தடுமாறினால் என்ன நேரும்? மக்கு என்ற பெயர் கிடைக்கும். கடைசி வாங்கு கிடைக்கும். சில ஆண்டில் கொழுந்துக் கூடையோ மண்வெட்டியோ கிடைக்கும். குறை அறிவில் அன்று, எழுத்தைப் பற்றிக்கொள்ளும் வழியே வேறு என்று எடுத்துரைப்பார் அரிது.

பிற நாடுகளிலும் இவ்வுண்மை மெல்லவே விளங்கிற்று. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். கணக்கு அவனுக்கு வரும். தன் பெயரையோ எழுத்து மாற்றி எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாக நடக்குமாயின் இவனே பள்ளியில் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம். மருத்துவரின் பெயர் நிலைத்தது. ஆயினும் பிள்ளையை முதலில் அறிந்தவர் ஆசிரியரே அன்றோ?

எந்திரம் துணைக்கு வந்தது எண்பது ஆண்டு கழித்து. சீமர் பாப்பர்ட்டும் அவருடைய தோழர்களும் 1967இல் அமெரிக்காவில் ஆக்கிய கணினி மொழி லோகோ. அதன் கட்டளைப்படி தரையில் ஊர்ந்து கோடு வரையும் சிறு எந்திரத்துக்கு ஆமை என்று பெயர். ஆட்டிசம் உடைய ஏழு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அந்த ஆமையைக் கொடுத்துப் பார்த்த அறிக்கையை, எடின்பரோ பல்கலைக்கழகத்துச் செயற்கை அறிவுத் துறையிலிருந்து சில்வியா வெயரும் ரிக்கி இமானுவேலும் 1976இல் வெளியிட்டனர். பொத்தானை அழுத்தினான்; ஆமை நகர்ந்தது. தன் விருப்பத்துக்கு ஒரு பொருள் விடை தருவதைக் கண்ட அச்சிறுவன், அருகிலிருந்தவரிடம் தானாகவே பேச முற்பட்டான்.

தமிழருக்குள் இம்முயற்சி வேர்விட்டது சென்னையிலே. அங்கே மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1991இல் தோன்றிற்று. பின்னர் அஜித் நாராயணன் ஆக்கிய ‘ஆவாஸ்’ என்னும் கருவி, பேச்சு வராத பிள்ளை படத்தைத் தொட்டால் அச்சொல்லைக் குரலாக்கித் தந்தது. வித்யாசாகர் என்னும் நிலையத்துப் பிள்ளைகளிடையே பழகிப் பழகித் திருந்திய கருவி அது. இன்று தமிழிலும் பேசுகிறது. இப்பொழுது செயற்கை அறிவோ அச்சிட்ட பக்கத்தை உரக்க வாசிக்கும், சொன்னதை எழுதும், கடினமான பாடத்தை எளிய வாக்கியமாக்கும்.

இனி ஊவாவுக்கு வருவோம். தமிழெழுத்தின் இடர்ப்பாடு தனி. ‘கொ’ என்னும்போது வாயில் முதலில் வருவது ககரம். தாளிலோ ககரத்துக்கு முன்னே கொம்பு, பின்னே கால். லகர ளகர ழகரங்களும், ணகர னகர நகரங்களும் செவிக்கு நெருங்கியும் கண்ணுக்கு விலகியும் நிற்பன. ஆங்கிலப் பிள்ளையின் பிழைகளில் பயின்ற எந்திரத்துக்கு இப்பிழைகளின் காரணம் எட்டாது. பேச்சோ இன்னும் சிக்கல். லயத்துப் பிள்ளை ‘கொந்தரப்பு’ என்று சொன்னால், நூற்றமிழில் வளர்ந்த எந்திரம் எதை எழுதுமோ!

எந்திரத்துக்கு இவற்றைக் கற்பிக்கத்தக்க ஏடு ஏதேனும் உண்டெனின், அது தோட்டப் பிள்ளைகளின் கொப்பிகளே. பெயரை நீக்கிவிட்டு, எந்த எழுத்து எந்த எழுத்தாக மாறியது என்று குறித்துவைப்பது ஓர் ஆசிரியர் மாலையில் செய்யக்கூடிய வேலை. அந்தக் கொப்பிகளோ, பிழைமேல் சிவப்புக் கோட்டுடன், ஆண்டு முடிவிலே சந்தைக்குப் போய்க் கடலை சுற்றும் தாளாகின்றன.