பாஷாணம் - 9: பூட்டிய அறையில் ஒரு பீங்கான் தட்டு

போன வாரம் உங்களைப் பொல்லாத இடத்தில் நிறுத்திவிட்டுப் போனேன். கணவன் சார்லஸுக்கு விஷம் வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மேரி லஃபார்ஜ், டூல் நகர நீதிமன்றத்தில் இரு கைகளையும் கோத்தபடி வானத்தை நோக்கி நிற்கிறாள். அவளுடைய வக்கீல் பையே சந்தோஷத்தில் அழுகிறார். லிமோஜ் நகரத்து நிபுணர்கள் மூவரும் சொன்னது அப்படி.

"சார்லஸ் லஃபார்ஜின் இரைப்பையில் ஆர்சனிக் இல்லை."

கல்லறையிலிருந்து தோண்டி எடுத்த உடலிலும் இல்லை.

மேரிக்கு விடுதலைதான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. சிக்கல் தீர்ந்தது என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

ஆனால் அரசுத் தரப்பு வக்கீல் டெக்கூ எழுந்தார்.

ஒரு மனிதன் தோற்றுப்போகும் நேரத்தில் அவன் மூளை எப்படி வேலை செய்யும் என்பதற்கு டெக்கூ நல்ல உதாரணம். உடம்பில் விஷம் இல்லையா? சரி. அவன் சாப்பிட்டதில் இருக்கிறதா என்று பாருங்கள் என்றார். லஃபார்ஜின் லெ கிளாந்தியே வீட்டிலிருந்து கைப்பற்றிய பண்டங்கள் பத்திரமாகத்தான் இருந்தன. முக்கியமாக, முட்டை அடித்துக் கலந்த அந்தப் பால்.

அன்னா பிரன் நினைவிருக்கிறாளா? மேரி தன் பச்சைக்கல் டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியை எடுத்துப் பாலில் கலப்பதைப் பார்த்த பெண். "என்ன இது?" என்று கேட்டதற்கு, "ஆரஞ்சுப்பூச் சர்க்கரை" என்று பதில் வந்தது. பாலின் மேல் மிதந்த வெள்ளைத் துகள்களை மருத்துவரிடம் காட்டினாள். விட்டத்துச் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும் என்றார் அவர். அன்னாவுக்கு மனசு ஆறவில்லை. மிச்சப் பாலை அலமாரியில் ஒளித்து வைத்தாள். இந்த வழக்கில் எனக்கு அதிகம் பிடித்தவள் இவள்தான். வக்கீல்களும் மருத்துவர்களும் அடுக்கடுக்காகத் தவறு செய்த இடத்தில், தன் கண்ணைத் தானே நம்பியவள்.

டெக்கூ கேட்டதற்கு மேரி தரப்பு மறுக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்ற தெம்பு. தாராளமாகச் சோதித்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

சோதித்தார்கள்.

பாலில் இருந்த ஆர்சனிக் பத்துப் பேரைக் கொல்லப் போதும்!

நீதிமன்றம் குழம்பிப்போனது. பாலில் விஷம் இருக்கிறது. குடித்தவன் உடம்பில் இல்லை. இரண்டும் எப்படிச் சேர்ந்து உண்மையாக இருக்க முடியும்? அவன் செத்த பிறகு யாராவது கலந்தார்களா? இல்லை, லிமோஜ்காரர்களின் சோதனையே கோளாறா? முன்பே இன்னொரு முடிச்சும் விழுந்திருந்தது. எலிக்கென்று மேரி வாங்கிய ஆர்சனிக் பற்றிச் சொன்னேனே, அந்த வீட்டில் எலிகளுக்கு வைத்த மருந்தில் இருந்தது வெறும் சோடா உப்புதான். அப்படியானால் வாங்கிய பாஷாணம் எங்கே போனது?

இதை அவிழ்க்க பிரான்ஸில் ஒரே ஒருவரால்தான் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மத்தேயு ஓர்ஃபிலா.

பாரிஸ் மருத்துவப் பீடத்தின் தலைவர். மினோர்க்கா தீவில் பிறந்தவர். விருந்துகளில் அருமையாகப் பாடவும் செய்வார். விஷங்களைப் பற்றி இருபத்தேழு வயதிலேயே அவர் எழுதிய நூல்தான் ஐரோப்பிய மருத்துவர்களுக்கு வேதம். வயிற்றுக்குள் போன ஆர்சனிக் அங்கேயே தங்குவதில்லை, ரத்தத்தில் கலந்து ஈரல் முதலான உறுப்புகளுக்கெல்லாம் பரவுகிறது என்று நாய்களை வைத்து நிரூபித்தவர் அவர்.

அவர் பெயரை இந்த வழக்குக்குள் முதலில் கொண்டுவந்தது அரசுத் தரப்பு இல்லை. பையேதான்! ஓர்ஃபிலா அவருக்குப் பழக்கமானவர். பிரீவ் மருத்துவர்கள் முதலில் செய்த சோதனை எதற்கும் உதவாது என்று ஓர்ஃபிலாவிடமிருந்தே எழுதி வாங்கி வந்து, நீதிமன்றத்தில் வீசிக் காட்டியவர் பையே. "ஓர்ஃபிலாவையே கூப்பிடுங்கள்" என்று முழங்கியவரும் அவரே. அன்று நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இப்போது டெக்கூ அதே பெயரைச் சொல்கிறார். பையே எந்த வாயால் வேண்டாம் என்பார்?

ஓர்ஃபிலா வந்தார். வந்ததும் ஒரு நிபந்தனை போட்டார். லிமோஜ்காரர்கள் மூவரும் தன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தான் செய்வதை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நாளைக்கு எவரும் குறை சொல்லக்கூடாது.

நீதிமன்றக் கட்டடத்திலேயே ஓர் அறை. கதவு பூட்டப்பட்டது. வெளியே காவல்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை நாம் பார்த்துவிடுவோம். வூல்விச் ஆயுதச்சாலையின் ஜேம்ஸ் மார்ஷை இதற்குள் மறந்திருக்க மாட்டீர்கள். தாத்தாவின் காப்பியில் பாஷாணம் கலந்த பேரன், ஆதாரம் கெட்டுப்போனதால் ஜூரிகள் முன்னே தப்பித்தானே, அந்த ஆத்திரத்தில் உழைத்து மார்ஷ் கண்டுபிடித்த சோதனைதான் இது. ஒரு குடுவையில் துத்தநாகம். அதன் மேல் அமிலம். ஹைட்ரஜன் பொங்கி எழும். சந்தேகப்படும் பொருளைக் குடுவைக்குள் விட்டால், அதில் ஆர்சனிக் இருந்தால், அது ஹைட்ரஜனோடு சேர்ந்து வாயுவாகி மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியே வெளியேறும். குழாயின் நுனியில் தீ வைக்க வேண்டும். அந்தச் சுடரின் எதிரே குளிர்ந்த பீங்கான் தட்டைப் பிடிக்க வேண்டும்.

ஆர்சனிக் இருந்தால், வெள்ளைத் தட்டில் கறுத்துப் பளபளக்கும் ஒரு கறை படியும்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்வதற்குப் பெரிய கைப்பழக்கம் வேண்டும். லிமோஜ்காரர்கள் இந்தச் சோதனையைத்தான் செய்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோதனை வெளியாகியே நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனால் அவர்களுடைய கைத்தவறு ஒரு பெண்ணின் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓர்ஃபிலா அவசரப்படவில்லை. பயன்படுத்தும் அமிலமும் துத்தநாகமும் சுத்தமானவைதானா என்பதையும் பார்த்தார். சவப்பெட்டியைச் சுற்றியிருந்த கல்லறை மண்ணையும் விடவில்லை. மண்ணில் ஆர்சனிக் இருந்து அது உடலுக்குள் இறங்கியிருந்தால்? யாரும் கேட்குமுன் அந்தக் கேள்வியையும் அடைத்துவிட வேண்டும்.

வெளியே டூல் நகரம் காத்திருந்தது. மேரி குற்றவாளி என்று ஒரு கட்சி, தியாகி என்று ஒரு கட்சி. பிரான்ஸ் முழுக்க அதே சண்டைதான். பாரிஸில் வளர்ந்த இருபத்து மூன்று வயதுப் பெண்ணை, பெரிய மாளிகை இருக்கிறது என்று ஆசை காட்டி, எலி ஓடும் பாழடைந்த மடத்துக்கு மனைவியாகக் கூட்டி வந்தான் ஒரு கடனாளி. போன அன்றே அறைக்குள் பூட்டிக்கொண்டு, என்னை விட்டுவிடு, இல்லாவிட்டால் விஷம் குடிப்பேன் என்று கடிதம் எழுதினாள் அவள். அந்தக் கடிதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் அவள் மேல் இரக்கம் வருகிறது. அன்னா ஒளித்து வைத்த பாலை நினைத்தால், அந்த இரக்கத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை.

செப்டம்பர் 14. பிற்பகல்.

கதவு திறந்தது.

ஓர்ஃபிலா முன்னே வந்தார். பின்னால் லிமோஜ்காரர்கள் மூவரும். தலை குனிந்திருந்தார்கள்.

அந்தக் குனிந்த தலைகளைப் பார்த்ததுமே பையேவுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஓர்ஃபிலா பேசினார். லஃபார்ஜின் உடலில் ஆர்சனிக் இருக்கிறது என்றார். அது நாங்கள் பயன்படுத்திய ரசாயனங்களிலிருந்து வந்ததல்ல. கல்லறை மண்ணிலிருந்து வந்ததல்ல. மனித உடலில் இயல்பாகவே கொஞ்சம் ஆர்சனிக் உண்டு என்று அந்தக் காலத்தில் ஒரு கருத்து இருந்தது. அதையும் சேர்த்து அடித்தார். இது அந்த ஆர்சனிக்கும் அல்ல. முந்தைய நிபுணர்களுக்கு ஏன் அகப்படவில்லை என்பதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது.

முடிந்தது.

தான் கூவி அழைத்த மனிதராலேயே பையே வீழ்ந்தார். மேரியின் குற்றமின்மையை மனசார நம்பியவர் அவர். அந்த அடி எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் மேரி தரப்பு ஓயவில்லை. ஓர்ஃபிலா கண்டது எவ்வளவு? மிக மிகச் சொற்பம். தட்டில் சில கறைகள். அதை நம்பி ஒரு பெண்ணை ஆயுள் முழுக்க அடைப்பதா? ஓர்ஃபிலாவை எதிர்த்து நிற்க பிரான்ஸில் யாருக்குத் துணிச்சல் உண்டு?

ஒருவருக்கு இருந்தது.

பிரான்சுவா ரஸ்பாய். ரசாயன அறிஞர். அரசரை எதிர்த்துச் சிறைக்குப் போன குடியரசுக்காரர். ஓர்ஃபிலாவின் ஆர்சனிக் சோதனைகளை ஊரறியச் சாடி வந்தவர். அந்தத் துத்தநாகத்திலேயே ஆர்சனிக் ஒளிந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கக்கூடியவர். அவரிடம் ஆள் பறந்தது.

பாரிஸிலிருந்து டூலுக்கு அப்போது ரயில் இல்லை. குதிரைகளை மாற்றி மாற்றி இரவு பகலாக ஓட்டினாலும் ஒரு நாளில் வந்து சேர முடியாது. ரஸ்பாய் தயங்கவில்லை. கிளம்பிவிட்டார்.

இங்கே டூலில் வாதங்கள் முடிந்துவிட்டன. ஜூரிகள் எழுந்து உள்ளறைக்குப் போகிறார்கள். ரஸ்பாய் இன்னும் வந்து சேரவில்லை.

அவர் வரும்வரை அந்தக் கதவு மூடியிருக்குமா?

(அடுத்த வாரம்)