கூதிர்காலத்துச் சிறுமகிழ்வுகள்: நெடுநல்வாடை வழி ஒரு சமூக வரலாற்று நோக்கு

அரசர் பெயர்களும் போர்க்களங்களும் ஆட்சியாண்டுகளும் வரலாற்று நூல்களின் பெரும்பகுதியை நிரப்புகின்றன. ஒரு மழைநாளிலே மக்கள் எங்ஙனம் குளிர் காய்ந்தனர், எவ்விசையைக் கேட்டனர், அடுப்பில் எதனை ஏற்றினர் என்பன அந்நூல்களில் இடம்பெறுதல் அரிது. இடம்பெறும்போதும் 'உணவும் உடையும்', 'பொழுதுபோக்குகள்' என்னும் தலைப்புகளின்கீழ் ஒரு பட்டியலாக வந்து போய்விடுகின்றன. ஆயினும், மனிதர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இத்தகைய சிறு செயல்களிலேயே கழிக்கின்றனர். அவற்றுக்கு வரலாறு இல்லை எனின், பெரும்பாலான மனிதர்க்கும் வரலாறு இல்லை என்றே ஆகிவிடும்.

சங்க காலத்தைப் பொறுத்தவரை இக்குறை வேறொரு வகையிலும் வெளிப்படுகின்றது. அக்காலத்து இன்பங்களை எல்லாம் திரட்டி, 'அஃது ஒரு பொற்காலம்' என்று போற்றுவோர் ஒரு சாரார். அவ்வின்பங்கள் யாவும் மாடத்தில் வாழ்ந்தோர்க்கே உரியன, ஆதலின் ஆராயத் தகாதன என்று ஒதுக்குவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒரு வினாவைக் கேட்கத் தவறுகின்றனர். ஒரே குளிரில், ஒரே மழையில், யார் யார்க்கு எவ்வெம் மகிழ்ச்சி கிட்டியது? அம்மகிழ்ச்சியை ஆக்கிக் கொடுத்த கைகள் யாருடையவை? இவ்வினாவைக் கூதிர்காலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் பருவத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். மேனாட்டார் இலையுதிர்காலம் என வழங்கும் மாதங்கள் நமக்கு மழைக்காலமாகும். இலைகள் பழுத்து வீழ்வதற்கு மாறாக, இங்கே புதர்கள் தழைத்துப் பூக்கின்றன. ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த பழந்தமிழர், காருக்கும் முன்பனிக்கும் இடைப்பட்ட பருவத்தைக் கூதிர் என்றனர். ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களும் அதற்கு உரியன என்பது உரையாசிரியர் கொள்கை. வடகீழ்ப் பருவக்காற்று மழை கொணரும் மாதங்கள் இவை. தமிழகத்தின் கீழ்க்கரைக்கும் ஈழத்தின் வடக்கு, கிழக்குப் பகுதிகளுக்கும் இப்பருவம் பொதுவானது. எனவே கூதிரை அறிவதற்கு நமக்கு அகராதி தேவையில்லை. ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் வீட்டு விறாந்தையில் இருந்தாலே போதுமானது.

இப்பருவத்தை முழுமையாகப் பாடும் பழந்தமிழ் நூல் நெடுநல்வாடை. பத்துப்பாட்டில் ஒன்றாகிய இது 188 அடிகளைக் கொண்டது, நக்கீரராற் பாடப்பட்டது, தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைத் தலைவனாகக் கொண்டது என்பது மரபு. ஏட்டுச் சுவடிகளிற் கிடந்த பத்துப்பாட்டினை நச்சினார்க்கினியர் உரையுடன் உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டு பதிப்பித்தார். பிரிந்திருக்கும் அரசியின் துயரமும் பாசறையிலுள்ள அரசனின் செயலும் பாட்டின் பொருள். எனினும், அப்பொருளை அடையுமுன் புலவர் காட்டிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து மாடத்துக்கும், மாடத்திலிருந்து அரண்மனைக்கும் நம்மை அழைத்துச் செல்கின்றார். சமூக வரலாற்று மாணவனுக்கு அவ்வழிப் பயணமே பெருஞ்செல்வமாகும்.

பாட்டின் தொடக்கத்தில் நாம் காண்பவர் கோவலர். வெள்ளம் பெருகியமையால் ஆநிரைகளை மேட்டுநிலத்துக்கு ஓட்டிச் சென்றவர்கள். பழகிய நிலத்தைப் பிரிந்த வருத்தமும் அவர்களுக்கு உண்டு. தலையிற் சூடிய கோடற் பூமாலை மழைநீரிற் கலைந்து கிடக்கின்றது. குளிர் உடலைப் பற்றி வருத்த, பலர் ஒன்றுகூடிக் கையிலே கொள்ளியை ஏந்திக் குளிர் காய்கின்றனர். அப்போதும் அவர்தம் கன்னங்கள் நடுங்குகின்றன. விலங்குகள் மேய்ச்சலை மறந்தன. பறவைகள் மரத்திலிருந்து வீழ்ந்தன. பால் உண்ண வந்த கன்றைப் பசு உதைத்தது என்று புலவர் தொடர்கின்றார். இத்தகைய கடுங்குளிரில் கோவலர் பெற்ற மகிழ்ச்சி ஒன்றேயாகும். அது பலர் கூடிப் பகிர்ந்துகொண்ட நெருப்பு. அந்நெருப்பை மூட்டியவரும் காய்ந்தவரும் அவர்களே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அடுத்து வருவது நகரத் தெரு. ஆற்றைப் போன்று அகன்று கிடக்கும் தெருவிலே, உடல் வலிமை மிக்க ஆடவர் கள்ளுண்டு களித்து, தூறலைப் பொருட்படுத்தாமல், பொழுது சென்ற பின்னரும் விரும்பிய இடமெல்லாம் திரிகின்றனர். அவர்கள் உடுத்த துகிலின் இரு முனைகளும் தொங்கிக் கிடக்கின்றன. வீட்டு மகளிரோ மாலைப்பொழுது வந்தமையைக் கதிரவனைக் கொண்டு அறிய இயலாத நிலையில் இருக்கின்றனர். வானம் முழுவதும் முகில் மூடியிருக்கின்றது. பூந்தட்டில் இட்டுவைத்த பிச்சியரும்புகள் இதழ் விரிந்து மணம் வீசியபோது, 'மாலை வந்தது' என்று அறிந்து, இரும்பு விளக்கிலே நெய் தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவித் தொழுகின்றனர். கடைத்தெருவும் மாலைப்பொழுதைக் கொண்டாடுகின்றது. பொழுதினை மணத்தால் அறியும் இந்நுட்பம், பருவத்தோடு ஒன்றி வாழ்ந்த மாந்தரின் அன்றாட அறிவுக்குச் சான்றாகும்.

மாடங்களினுள் நுழையும்போது காட்சி மாறுகின்றது. வேனிலுக்குரிய பொருள்கள் யாவும் ஓய்ந்து கிடக்கின்றன. தென்னாட்டுச் சந்தனமும், அதனை அரைப்பதற்கென வடநாட்டார் கொணர்ந்த வட்டக்கல்லும் தீண்டுவாரின்றிக் கிடக்கின்றன. கைத்திறன் மிக்க கம்மியன் செய்த விசிறி முளையிலே தொங்க, அதன்மேற் சிலந்தி நூல் பின்னியிருக்கின்றது. மேல்மாடத்துச் சாளரங்களின் கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. குவிந்த வாயையுடைய கலத்திலுள்ள தண்ணீரை இளையோரும் முதியோரும் பருகாது, அகன்ற வாயையுடைய தடாவிலிட்ட நெருப்பின் வெம்மையை நுகர்கின்றனர். மகளிர் கூந்தலில் மாலை சூடாது சில மலர்களை மட்டும் முடிக்கின்றனர். தகர விறகில் மூட்டிய நெருப்பிலே அகிலையும் கண்டசருக்கரையையும் இட்டு நறும்புகை எழுப்புகின்றனர்.

இவ்விடத்திலேயே புலவர், வாசகர் எளிதில் தாண்டிச் சென்றுவிடக்கூடிய ஒரு சிறு செய்தியையும் கூறுகின்றார். காவலையுடைய அப்பெருமனையிலே குற்றேவல் புரியும் இளைய தொழுவர் கொள்ளின் நிறமுடைய கல்லில் நறுமணக் கூட்டுகளை அரைத்துக்கொண்டிருக்கின்றனர். மாடத்தின் வெம்மைக்கும் மணத்துக்கும் பின்னால் அவர்தம் கைகள் இயங்குகின்றன. குளிர்நீரிலே கல்லைக் கழுவி அரைத்த அத்தொழுவர்க்குத் தடாவின் அருகே இடம் இருந்ததா என்பதைப் பாட்டுக் கூறவில்லை. கோவலர் நெருப்பு மூட்டியவர்க்கே உரியது. மாடத்து இன்பமோ ஆக்குவோர் ஒருவராகவும் துய்ப்போர் மற்றொருவராகவும் பிரிந்த இன்பம்.

பண்டங்களின் வரவும் இதனையே காட்டுகின்றது. மேற்கு மலையிற் பிறந்த சந்தனமும் அகிலும் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் வந்து குவிந்ததைப் பட்டினப்பாலை கூறும். ஈழத்து உணவும் அங்கு வந்திறங்கியதென அப்பாட்டே உரைப்பதை நாம் அறிவோம். நெடுநல்வாடையில் அரசியின் அறையை ஒளிசெய்வது யவனர் செய்த பாவை கையிலேந்திய அகல்விளக்கு. 1945ஆம் ஆண்டு அரிக்கமேட்டிலே வீலர் நடத்திய அகழாய்வு மத்தியதரைக்கடல் நாட்டு மட்கலங்களை வெளிக்கொணர்ந்தபின், யவனர் பற்றிய இத்தகைய குறிப்புகளை வெறுங்கற்பனை என எவரும் தள்ளிவிட இயலாது. ஒரு மழையிரவின் அமைதியான ஒளிக்குப் பின்னாற் கடல்வாணிகமும் மலைவழிச் சுமையும் இருந்தன.

இனி இசைக்கு வருவோம். அம்மாடங்களிலே ஆடல் மகளிர் பாடுவதற்கு ஆயத்தமாகின்றனர். ஆனால் குளிரினால் யாழின் நரம்புகள் நிலைதிரிந்து, இன்குரல் கெட்டுவிட்டது. அவர்கள் அந்நரம்புகளைத் தம் மார்பின் வெம்மையிலே தடவி, கரிய கோட்டையுடைய சீறியாழைப் பண்ணுக்கேற்ப நிறுத்துகின்றனர். உரைகாரரும் பிற்காலச் சுவைஞரும் இதனைச் சிருங்காரமாகவே கண்டனர். தொழில்நோக்கிற் பார்ப்பின் இஃதொரு கலைஞரின் பட்டறிவாகும். ஈரமும் குளிரும் நரம்பின் இறுக்கத்தை மாற்றும். இறுக்கம் மாறின் சுருதி மாறும். மெல்லிய, சீரான வெம்மை ஒன்றே அதனை மீட்கும். தடாவின் நெருப்பருகே கொண்டுசெல்லின் நரம்பு கெட்டுப்போகும். எனவே தம் உடலையே கருவியாக்கினர்.

காரைதீவிற் பிறந்து, 1943ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரான சுவாமி விபுலாநந்தர், மறைந்துபோன யாழினை மீளக் காண்பதற்குப் பல்லாண்டுகள் உழைத்தார். அவரது 'யாழ் நூல்' 1947ஆம் ஆண்டு வெளிவந்தது. அளவும் கணக்கும் கொண்டு அவர் மீட்டெடுக்க முயன்ற அக்கருவியை, வாடைக்காற்று வீசும் இரவில் பேணிக்காத்தவர்கள் பெயர் அறியப்படாத இம்மகளிர். அவர்கள் பிறர்க்காகப் பாடினர். அது அவர்தம் பிழைப்பு. ஆயினும், திரிந்த நரம்பு மீண்டும் இசை கூடிய கணத்தில் அவர்களும் ஒரு மகிழ்ச்சியை அடைந்திருப்பர் என்று கருதுவதிற் தவறில்லை. உழைப்போர்க்கு உழைப்பன்றி வேறெதுவும் இருந்ததில்லை என்று எழுதுவதும் அவர்களுக்கு இழைக்கும் ஒருவகை அநீதியேயாகும்.

உணவினைப் பொறுத்தவரை நக்கீரர் பாடிய அகநானூறு 141ஆம் பாட்டு நமக்குத் துணைபுரிகின்றது. மழை ஓய்ந்த வானில் முழுமதி கார்த்திகை மீனோடு சேரும் நள்ளிரவில், தெருவெங்கும் விளக்கேற்றி, மாலை தூக்கி, மூதூரில் பலரும் கூடி எடுக்கும் விழா அதிற் கூறப்படுகின்றது. புதுமணப்பெண் புகுந்த மனையிலே பல குமிழ்களையுடைய அடுப்பில் பால் ஏற்றப்படுகின்றது. இளமகளிர் வயலில் வளைந்த நெற்கதிரை முறித்துவந்து பச்சை அவல் இடிக்கின்றனர். உலக்கையின் ஒலிக்கு அஞ்சிய குருகு வாழைமடலில் இருக்காது மாமரத்துக்குப் பறக்கின்றது. நமது வன்னி வயல்களில் இம்மாதத்தில் நெல் பசும்பயிராகவே நிற்கும். அந்நிலத்திலோ கதிர் முற்றும் பருவமாக இருந்திருக்கின்றது. விளைந்த நெல்லின் முதற்சுவை, கொதிக்கும் பால், மழை விட்ட வானம் ஆகிய இவற்றால் அமைந்த விழா அது.

ஆனால் எல்லா அடுப்பிலும் பால் பொங்கவில்லை. புறநானூறு 164ஆம் பாட்டிலே பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வீட்டு அடுப்பைப் பற்றிக் கூறுகின்றார். சமைத்தலையே மறந்துபோன அவ்வடுப்பிலே காளான் பூத்திருக்கின்றது. சிறுபாணாற்றுப்படையிலே கிணைப்பறை கொட்டுவோன் வீட்டுப் பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையைப் பறித்து, உப்பின்றி வேகவைக்கின்றாள். பிறர் காண்பதற்கு நாணி, கதவை அடைத்தபின் சுற்றத்தோடு உண்கின்றாள். இவ்விரு பாட்டுகளும் கூதிரைக் குறித்துப் பாடப்பட்டவை அல்ல. எனினும், ஒரே இலக்கியத் தொகுதியில் அடைக்கப்பட்ட இரு கதவுகள் உள்ளன என்பதை நாம் காணத் தவறலாகாது. மாடத்தில் வாழ்ந்தோர் வாடைக்காற்று வராமற் கதவடைத்தனர். கிணைமகள் வறுமை வெளியே தெரியாமற் கதவடைத்தாள். முதலாவது கதவை மட்டும் காட்டுவோர் பொற்காலம் என்பர். இரண்டாவதை மட்டும் காட்டுவோர்க்கு விளக்கீட்டு இரவும் அவல் இடித்த உலக்கையின் ஒலியும் புலப்படா.

பாட்டின் இறுதியிலே அரண்மனை வருகின்றது. யானைத் தந்தத்தாற் செய்த கட்டிலில் இருக்கும் அரசிக்குச் செவிலியர் குறியனவும் நெடியனவுமாகக் கதைகள் பல சொல்லித் தேற்றுகின்றனர். அவள் மனம் ஆறவில்லை. யவனப்பாவை ஏந்திய விளக்கும் பஞ்சணையும் கதையும் வீணாகின்றன. அரசனோ பாசறையிலே நள்ளிரவிலும் உறங்காது, தூறல் வீசும் சேற்றுத்தெருவில் சிலரோடு நடந்து, புண்பட்ட வீரரைக் காண்கின்றான். வேப்பமாலை கட்டிய வேலால் முன்செல்வோன் ஒவ்வொருவராகக் காட்ட, அரசன் நழுவிய மேலாடையை இடக்கையால் தழுவியவாறு செல்கின்றான். வீரர்க்கு அவ்விரவில் கிடைத்த ஆறுதல் அவ்வளவே. அப்போரை நடத்தியவனும் அவனே என்பதை மறவாதிருப்பின், அக்காட்சியின் அருளையும் அதன் வரம்பையும் ஒருங்கே உணரலாம்.

சு. வித்தியானந்தனின் 'தமிழர் சால்பு' 1954ஆம் ஆண்டிலும், க. கைலாசபதியின் வீரயுகப் பாடல் பற்றிய ஆங்கில ஆய்வு 1968ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. சங்கப் பாட்டைச் சமுதாயச் சான்றாகப் படிக்கும் நெறியை நம் நாட்டில் இத்தகைய நூல்கள் வளர்த்தன. அந்நெறியிற் செல்லும் மாணவர், மகிழ்ச்சியையும் ஒரு வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதே எமது கருத்தாகும். துன்பத்தைப் போலவே மகிழ்ச்சிக்கும் கருவியுண்டு, பண்டமுண்டு, உழைப்புண்டு, பங்கீடு உண்டு. அப்பங்கீட்டை அளந்தறிவதன் வாயிலாக ஒரு சமுதாயத்தின் அமைப்பை அறியலாம்.

கார்த்திகை முழுமதி நாளில் இன்றும் யாழ்ப்பாணத்து வீட்டு வாசல்களில் வாழைக்குற்றி நாட்டிச் சிட்டிவிளக்கு ஏற்றுகின்றனர். கோயில் வீதியிலே சொக்கப்பனை எரிகின்றது. விளக்கீடு என வழங்கும் இந்நாளின் வேர் அகநானூற்று மூதூர்த் தெருவரை செல்லுகின்றது. ஒரு சிட்டியும் சிறிது எண்ணெயும் ஒரு திரியும் உடையோர் எவரும் அதில் ஈடுபடலாம். கூதிர்காலத்து மகிழ்வுகளுள் மாடத்துத் தடாவும் அகிற்புகையும் மறைந்தொழிய, தெருவோர்க்கும் எட்டிய விளக்கு நிலைபெற்றமைக்கு இப்பொதுமையும் ஒரு காரணமாகலாம். மழை விட்ட அவ்விரவில் நம் வாசலில் விளக்கேற்றும்போது, அடுத்த வீட்டு அடுப்பில் உலை ஏறியுள்ளதா என்றும் எட்டிப்பார்த்தல் நம் கடனாகும்.